தள்ளுதற்சீட்டும் வாழாவெட்டியும்

தமிழ் வேதாகமத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்குத் 'தள்ளுதற்சீட்டு' என்ற சொல் புதிதன்று. மோசேயின் பிரமாணப்படி மனைவியை விலக்குகிறவன் அவள் கையில் எழுதிக் கொடுக்க வேண்டிய பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட பெயர் அது. நம் கிராமங்களில் வழங்கும் 'வாழாவெட்டி' என்ற சொல்லும் புதிதன்று. புருஷனோடு வாழ இயலாமல் பிறந்த வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிட்ட பெண்ணுக்கு ஊர் இட்ட பெயர் அது. இரண்டு சொற்களும் ஒரே துயரத்தைச் சுட்டுவன போலத் தோன்றினாலும், முன்னதில் பெண்ணின் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது, பின்னதில் அதுவும் இல்லை. விவாகத்தையும் விவாகரத்தையும் பற்றிக் கிறிஸ்தவ சமயம் இரண்டாயிரம் ஆண்டுகளாக நடத்திவரும் விசாரணையை இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது, தேவன் சேர்த்ததை மனிதன் பிரிக்கலாமா என்று நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி பாதிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிவு நேர்ந்துவிட்ட பிறகு அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்பது மற்றப் பாதி.

அத்தகைய சீட்டு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. சாக்கடலுக்கு மேற்கே முரப்பஅத் என்னும் வறண்ட ஓடைப் பள்ளத்தாக்கின் குகைகளிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் வெளிவந்த பழஞ்சுவடிகளிடையே, மசாதாக் கோட்டையில் அரமேய மொழியில் எழுதப்பட்ட பாப்பிரஸ் பத்திரம் ஒன்று இருந்தது. 'ஆறாம் ஆண்டு' என்று மட்டும் அதில் குறித்திருப்பதை ரோமருக்கு எதிரான யூதக் கிளர்ச்சியின் ஆறாம் ஆண்டாகக் கொண்டு, அது கி.பி. 71-ஐ ஒட்டியது என்று அறிஞர் பலர் கணிக்கின்றனர். இயேசுவின் தலைமுறைக்கு அடுத்த தலைமுறைக் கணவன் ஒருவன் தன் மனைவிக்கு எழுதியது அது. பிற்காலத்தில் யாரும் திருத்திவிடாதபடி ஒரே வாசகத்தை மேலும் கீழுமாக இருமுறை எழுதியிருக்கிறார்கள். பின்புறத்தில் சாட்சிகளின் கையெழுத்து. தன் சொந்த விருப்பத்தின்பேரில் விலக்குவதாகவும், இனி அவள் தான் விரும்பும் எந்த யூதனையும் மணந்துகொள்ளலாம் என்றும், இந்தச் சீட்டு சேதமாகிவிட்டால் வேறொன்று எழுதித் தருவதாகவும் அவன் அதில் உறுதி சொல்கிறான். கிழிந்தால் மறுபடியும் தருகிறேன் என்ற அந்தக் கடைசி நிபந்தனையை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அவமானச் சின்னத்தை யாரும் பிரதியெடுத்துக் கேட்பதில்லை. அவளுக்கு அது நிலத்துப் பட்டாவைப் போன்ற ஆவணம்.

ஆனால் அந்தச் சீட்டை எழுதும் உரிமை அக்காலத்து யூதேயாவில் கணவனுக்கே இருந்தது. எந்தக் காரணத்துக்காக எழுதலாம் என்பதில்தான் வேதபண்டிதர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினர். உபாகமம் 24-ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு சொற்றொடருக்கு ஷம்மாயின் பள்ளியார் கற்புநெறி தவறுதல் என்று பொருள் கொண்டனர். சமைத்த பண்டத்தைக் கெடுத்துவிட்டாலும் போதும் என்று ஹில்லேலின் பள்ளியார் சொன்னார்கள். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவாகியிருக்கும் இந்த உதாரணம் வாதத்தின் எல்லையைக் காட்டச் சொன்னதேயொழிய வீடுகளில் நடந்ததன்று என்று சமாதானம் கூறுவோர் உண்டு. இருக்கலாம், ஆயினும், எல்லையைக் காட்ட வேண்டி வந்தபோது பண்டிதர்களின் கை அடுப்பங்கரையை நோக்கியே நீண்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த வாதத்தில் எந்தக் கட்சி என்று பரிசேயர்கள் இயேசுவைக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட இடம் யோர்தானுக்கு அக்கரைப் பிரதேசம். ஏரோது அந்திப்பாவின் ஆளுகைக்கு உட்பட்டது. தன் சகோதரனின் மனைவி ஏரோதியாளை அவன் சேர்த்துக்கொண்டதைக் கண்டித்ததற்காக யோவான் ஸ்நானகன் சிரச்சேதம் செய்யப்பட்டதை அனைவரும் அறிவார்கள். ஆகவே கேள்வியின் உள்ளே ஒரு கண்ணியும் இருந்தது. இயேசுவோ காரணங்களின் பட்டியலுக்குள் நுழையவே இல்லை. ஆதியாகமத்துக்குச் சென்று, இருவரும் ஒரே மாம்சம் என்ற ஆதி நிலையைச் சொல்லி, மோசே கொடுத்த அனுமதி மனிதருடைய இருதய கடினத்தின் பொருட்டு வந்தது என்றார். பின்னர் வீட்டுக்குள் சீஷர்கள் மறுபடியும் கேட்டபோது அவர் சொன்னதாக மாற்கு எழுதியதில் ஒரு சிறு சொல் இருக்கிறது. மனைவியைத் தள்ளி வேறொருத்தியை மணக்கிறவன் 'அவளுக்கு விரோதமாய்' விபசாரம் செய்கிறான் என்பது அது. அக்காலத்துச் சட்டச் சிந்தனையில் விபசாரம் என்பது ஒரு கணவனுக்கு விரோதமாக மட்டுமே நிகழக்கூடிய குற்றம். மனைவிக்கு விரோதமாக ஒருவன் அதைச் செய்ய முடியும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. அநீதி இழைக்கப்பட்டவளாக மனைவியை அந்த ஒரு சொல் அறிமுகப்படுத்துகிறது. பிற்காலத்துச் சட்ட நிபுணர்கள் அவ்வாக்கியத்தின் மற்றச் சொற்களையெல்லாம் நிறுத்துப் பார்த்துவிட்டு இதைக் கடந்து போய்விட்டது எனக்கு வியப்பே.

மல்கியா தீர்க்கதரிசியின் இரண்டாம் அதிகாரத்துக்கும் இதே கதி நேர்ந்தது. தள்ளிவிடுதலைத் தேவன் வெறுக்கிறார் என்ற பொருளில் எல்லா மேடைகளிலும் மேற்கோளாகும் அந்த வசனத்தின் எபிரேய மூலம் மிகவும் சிக்கலானது. கும்ரான் குகைச் சுவடியும் கிரேக்கப் பழைய மொழிபெயர்ப்பும், வெறுத்தால் அனுப்பிவிடு என்று ஏறக்குறைய நேர்மாறாக வாசிக்கின்றன. பாடபேதம் எதுவாயினும் அந்த அதிகாரத்தின் கோபம் யார்மேல் என்பதில் ஐயமில்லை. இளவயதில் கைப்பிடித்தவளுக்குத் துரோகம் செய்துவிட்டுப் பலிபீடத்தின்முன் கண்ணீர் விடும் ஆண்களின்மேல்தான். அடிபட்டுத் தாய்வீடு வந்த பெண்ணிடம் அந்த வசனத்தை எடுத்துக் காட்டித் திருப்பியனுப்பும் உபதேசியார் அதிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

விதிவிலக்குகளைப் பற்றிய வாதம் நீண்டது. அதில் அதிகம் தங்கப் போவதில்லை. மத்தேயு மட்டும் 'வேசித்தன முகாந்தரம்' என்ற ஒரு விலக்கைச் சேர்க்கிறார். மாற்கும் லூக்காவும் அதைச் சொல்லவில்லை. அவிசுவாசியான துணை பிரிந்து போக விரும்பினால் போகட்டும், சகோதரனாவது சகோதரியாவது அப்போது அடிமைப்பட்டவரல்ல என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இன்றும் இருக்கும் 'பவுலின் சலுகை' இதிலிருந்து பிறந்தது. உணவும் உடையும் தாம்பத்திய உரிமையும் மறுக்கப்பட்டவள் விடுதலையாகலாம் என்ற யாத்திராகமச் சட்டம் அக்காலத்தில் எவராலும் மறுக்கப்படாததால்தான் இயேசு அதைக் குறித்துப் பேசவில்லை என்று டேவிட் இன்ஸ்டோன்-புரூவர் என்ற ஆங்கில அறிஞர் 2002-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். மௌனத்தைச் சாட்சிக்கு அழைக்கும் வாதம் இது. முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்குத் துணிவில்லை. எனினும் கேள்வி இன்னதென்று தெரியாமல் பதிலுக்குப் பொருள் சொல்லக் கூடாது என்ற அவருடைய எச்சரிக்கை நியாயமானதே.

வேதவசனத்தைவிட ஒரு வாழ்க்கை இவ்விஷயத்தில் எனக்கு அதிகம் கற்பித்தது. நாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமாபுரியில் ஃபபியோலா என்னும் சீமாட்டி இருந்தாள். பழம்பெருமை வாய்ந்த ஃபாபியர் குலத்தவள். அவளுடைய முதல் கணவனின் துர்நடத்தை ஒரு வேசியோ அடிமையோகூடப் பொறுக்க முடியாத தரத்தது என்று சொல்லும் புனித ஜெரோம், அதை விவரித்தால் பழியைத் தன் தலையில் ஏற்று மௌனமாயிருந்த அவளுடைய கண்ணியத்துக்குப் பங்கம் வரும் என்று அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். ரோமச் சட்டம் இடம் கொடுத்ததால் அவள் அவனை விட்டு விலகி வேறொருவனை மணந்தாள். அந்த இரண்டாம் கணவனும் இறந்தபின், உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தின நாளில், தலைவிரி கோலமாக லாத்தரன் பேராலயத்தில் பாவத்துக்கு வருந்துவோர் வரிசையில் போய் நின்றாள். நகரமே பார்த்தது, ஆயரும் குருக்களும் மக்களும் அவளோடு அழுதார்கள். திருச்சபை அவளை மீண்டும் ஐக்கியத்தில் சேர்த்துக்கொண்டது.

அதன் பிறகு அவள் செய்தவற்றைக் கேட்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். தன் சொத்துக்களையெல்லாம் பணமாக்கி, ரோமாபுரியில் நோயாளர்களுக்கென்று ஓர் இல்லத்தை நிறுவினாள். அப்படி ஒன்றை நிறுவியவர்களில் முதலாமவள் அவளே என்று ஜெரோம் எழுதுகிறார். லத்தீன் மேற்குலகின் மருத்துவமனை வரலாற்றை எழுதுவோர் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தெருவில் கிடந்தவர்களைத் தன் தோளிலேயே தூக்கிவந்தாள். மற்றவர்கள் ஏறிட்டுப் பார்க்கவும் கூசும் சீழ்ப்புண்களைத் தன் கையால் கழுவினாள். வாய் திறக்கவும் சக்தியற்றவர்களுக்கு நீராகாரத்தைத் தானே ஊட்டினாள். பிற்பாடு பம்மாக்கியுஸ் என்பவரோடு சேர்ந்து போர்ட்டுஸ் துறைமுகத்தில் வழிப்போக்கர்களுக்காக ஒரு சத்திரமும் அமைத்தாள். 399-இல் அவள் மறைந்தபோது ரோமாபுரி திரண்டு வந்து வழியனுப்பியது.

ஜெரோம் தாராள மனம் படைத்தவரல்லர். முதற்கணவன் எப்படிப்பட்டவனாயிருந்தாலும் அவன் உயிரோடிருக்கும் வரை மறுமணம் கூடாது என்று வேறொரு கடிதத்தில் கண்டிப்பாக எழுதியவர் அவர். ஃபபியோலாவின் மறுமணத்தையும் அவர் சரியென்று சொல்லவில்லை. ஆனால் ஓசியானுஸ் என்ற நண்பருக்கு அவள் நினைவாக எழுதிய 77-ஆம் கடிதத்தில் சீசரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு என்று சொல்ல வரும்போது, உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஆண்களுக்கு ரோமச் சட்டம் தந்த சலுகையைத்தான். பெண்ணுக்கு ஆகாதது ஆணுக்கும் ஆகாது என்பதே நம்மிடையே உள்ள நெறி என்பது அவர் வாதம். பாதிக்கப்பட்டவளே வருந்துவோர் வரிசையில் நிற்க வேண்டி வந்ததை இன்று வாசிக்கும்போது மனம் ஒப்பவில்லைதான். எனக்கும் ஒப்பவில்லை. ஆனாலும் நாலாம் நூற்றாண்டின் அந்தக் கடுமையில், பிற்காலம் தொலைத்துவிட்ட இரண்டு நற்குணங்கள் இருந்தன. ஆணையும் பெண்ணையும் ஒரே தராசில் வைத்தது ஒன்று. போன வாசல் வழியே திரும்பி வரவும் ஒரு முறை வகுத்து, அதைக் கூச்சமின்றி ஊரறியச் செய்தது மற்றொன்று.

இடைக்காலத்தை விரைந்து கடந்துவிடலாம். விவாகத்தின் நன்மைகள் சந்ததி, விசுவாசம், அழியாத் திருவருட்சாதன பந்தம் என்று மூன்று என்பதாக 401-ஐ ஒட்டி அகுஸ்தீன் எழுதியது மேற்கத்தியத் திருச்சபைக்கு அஸ்திவாரமாயிற்று. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, பந்தம் முறிந்தே போய்விட்ட இடத்தில் இரண்டாம் விவாகத்தைப் பரிகாரத் தொனியுள்ள ஜெபங்களோடு அனுமதிக்கும் வேறு வழியில் சென்றது. 1563-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் விவாகபந்தம் அழியாதென்று விதி இயற்றியபோது, கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழும் தீவுகளை ஆண்ட வெனிஸ் அரசின் தூதர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க, கிரேக்கரின் வழக்கம் நேரடியாகச் சாபத்துக்குள் விழாதபடி அதன் வாசகத்தை மாற்றியமைத்தார்கள். மாறாத சத்தியத்தின் சொற்களிலும் ராஜதந்திரிகளால் சற்றே இடம்பிடித்துத் தர முடிந்திருக்கிறது.

நம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. சீர்திருத்தச் சபைகள் பல விபசாரத்துக்கும் கைவிடுதலுக்கும் விவாகரத்து உண்டென்று ஒப்புக்கொண்ட பின்னும், இங்கிலாந்துத் திருச்சபையின் நியாயஸ்தலங்கள் படுக்கையையும் பந்தியையும் பிரிக்க மட்டுமே தீர்ப்பளித்தன. முழு விடுதலை வேண்டுவோர் பாராளுமன்றத்தில் தமக்கென்று தனிச்சட்டம் ஒன்று நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். அந்த வழியில் வெற்றிபெற்ற பெண்கள் 1857 வரை நாலே பேர். அந்த ஆண்டில் வந்த பொதுச் சட்டம், மனைவியின் விபசாரம் ஒன்றையே கணவனுக்குப் போதுமான காரணமாக்கியது. மனைவிக்கோ கணவனின் விபசாரம் போதாது, அதோடு கொடுமையோ இரண்டாண்டு கைவிடுதலோ வேறொரு மகாபாதகமோ சேர்ந்திருக்க வேண்டும் என்றது. மசோதாவைத் தீவிரமாக எதிர்த்த பாராளுமன்ற உறுப்பினர் கிளாட்ஸ்டன், கிறிஸ்தவம் கொண்டுவந்த ஆண்பெண் சமத்துவத்தை அது குலைக்கிறது என்றும் வாதாடித் தோற்றார். ஜெரோம் எது சீசரின் சட்டம் என்று ஒதுக்கினாரோ அதுவே கிறிஸ்தவ தேசத்தின் சட்டமாக வந்து அமர்ந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1869-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டமாக, அது இந்தியாவுக்கு வந்தது. 10-ஆம் பிரிவில் அந்த இரட்டைத் தராசு அப்படியே இருந்தது. 17-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதி அளிக்கும் விவாகரத்து உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை செல்லாது. 34-ஆம் பிரிவின்படி, தன் மனைவியோடு உறவு கொண்டவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம், வேலிதாண்டி மேய்ந்த மாட்டுக்காரனிடம் கேட்பதைப்போல. இங்கிலாந்து 1923-இல் பாரபட்சத்தை நீக்கியது. 1937-இல் கொடுமையையும் கைவிடுதலையும் தனித்தனிக் காரணங்களாக ஏற்றது. அதன் நகலோ இங்கே தாயைப் பிரிந்த குட்டிபோல மாறாமலே நின்றது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு 1949-இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. 1955-இல் நாடு முழுமைக்கும் வந்தது. 1976-இல் கொடுமையும் பரஸ்பர சம்மதமும் இந்து விவாகரத்துக்குப் போதிய காரணங்களாயின. விவாகரத்து என்ற எண்ணமே தங்கள் தர்மத்தில் இல்லை என்று வைதிகர்கள் வாதாடிய ஒரு சமூகம் சட்டத்தால் அவ்வளவு தூரம் நடந்துவிட்டது. தள்ளுதற்சீட்டைப் பற்றித் தங்கள் வேதத்திலேயே படிக்கிற சமூகத்துப் பெண் அடிபட்டதற்காக மட்டும் விவாகரத்துக் கேட்க முடியாமல், அடித்தவன் விபசாரமும் செய்தானென்று சாட்சி தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட ஒருவரை நான் சிறுவயதில் அறிவேன். எங்கள் சேகரத்தில் ஆலயத்தின் தென்புற வாசலருகே உட்காருவார், அண்டை வீட்டுக்காரர், நாங்கள் பெரியம்மா என்போம். மணமாகி மூன்றாம் ஆண்டில், இடது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடிய கையோடு தாய்வீடு வந்தவர். கழுத்தில் சிலுவை பொறித்த தாலி கடைசிவரை கிடந்தது. மறுமணத்தைப் பற்றி அவர் நினைத்தவரேயல்லர். எந்தச் சபை விதியின்படி பார்த்தாலும் திருவிருந்துக்கு வர அவருக்குத் தடை ஏதும் இருந்ததில்லை. யாரும் அவரை வெளியே போகச் சொன்னதாகவும் தெரியவில்லை. ஆயினும் பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கினதும் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் நிற்பார். கைக்குழந்தைக்காரிகள் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் பந்திக்குப் போவார்கள். திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணிகளை வெள்ளிக்கிழமைதோறும் துவைத்து நீலம் போட்டுப் பெட்டி தேய்த்துக் கொடுப்பவரும் அவர்தான் என்பது பின்னாளில் தெரிந்தது.

சட்டம் மாறுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1983-இல் சட்ட ஆணையம் தன் 90-ஆம் அறிக்கையில் 10-ஆம் பிரிவைத் திருத்தச் சொல்லியும் காரியம் நடக்கவில்லை. 1995-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கொடுமையோடும் கைவிடுதலோடும் விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அரசியல் சாசனத்துக்கு முரணானதென்று வெட்டியெறிந்தது. இரண்டாண்டில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. 2001-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே காரணங்களை வகுத்து, கொடுமையைத் தனிக்காரணமாக்கி, 17-ஆம் பிரிவின் உறுதிப்படுத்தலையும் 34-ஆம் பிரிவின் நஷ்டஈட்டையும் நீக்கி, பரஸ்பர சம்மதத்துக்கு 10-அ என்ற புதுப்பிரிவைச் சேர்த்தது. அதிலும் மற்றவர்களுக்கு ஓராண்டுப் பிரிவு போதும் என்றிருக்கக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இரண்டாண்டு என்று எழுதியிருந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டாகக் குறைத்து வாசித்தது, 2022-இல் அந்த ஓராண்டுக் காத்திருப்பையும் செல்லாதென்றது. எப்படியும் 132 ஆண்டுகள் கழித்துச் சட்டத்தின் தராசு நேரானது. அதற்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தியவர்களும் மனுப்போட்டவர்களும் உண்டு. அவர்களுள் கிறிஸ்தவப் பெண்களும் குருமார்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

கத்தோலிக்கருக்கு இன்னொரு படி உண்டு. பவுலின் சலுகை போன்ற விலக்குகள் நீங்கலாக, அவர்களுடைய சபைச் சட்டத்தில் விவாகரத்து என்ற ஒன்று இல்லை. நடந்த விவாகம் ஆதியிலேயே செல்லாததாயிருந்தது என்று தீர்ப்பளிக்கும் சபை நியாயஸ்தலம் இருக்கிறது. மணவாழ்வின் கடமைகளை உணரவோ ஏற்கவோ மனவலிமை அற்றிருந்தார் என்பதை 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1095-ஆம் விதி ஒரு காரணமாக ஏற்கிறது. அந்தத் தீர்ப்புக்கு நாட்டுச் சட்டத்தில் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியதால், மறுபடியும் கோயிலில் ஓலை வாசித்து மணக்க விரும்பும் கத்தோலிக்கர் இரண்டு வாசல்களிலும் ஏறியிறங்க வேண்டும். இந்த முறையின் உள்நியாயம் எனக்குப் புரிகிறது; பந்தத்தின் பரிசுத்தத்தைக் காத்துக்கொண்டே தவித்தவரை விடுவிக்கிற உபாயம் அது. ஆனால் பத்தாண்டு கூட வாழ்ந்து பிள்ளைகளையும் பெற்ற ஒருத்தியிடம், உனக்கு நடந்தது விவாகமே அன்று என்று சொல்வது ஆறுதலா என்று கேட்டால், எல்லாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். முறிந்தது என்பதற்கும் இருந்ததேயில்லை என்பதற்கும் துக்கத்தில் பெரிய தூரம் உண்டு.

போப்பாண்டவராயிருந்த பிரான்சிஸ் இதை உணர்ந்திருந்ததாகத் தோன்றுகிறது. 2015-இல் அவர் ஒவ்வொரு தீர்ப்பையும் இரண்டாம் நியாயஸ்தலம் ஒப்ப வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார். தெளிவான வழக்குகளை ஆயரே விரைவில் முடிக்க வழி வகுத்தார். அடுத்த ஆண்டில் குடும்பத்தைப் பற்றி எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையின் எட்டாம் அதிகாரத்தில், மறுமணம் செய்துகொண்டவர்களையும் உடன் நடந்து விசாரித்துப் பார்க்க வேண்டும் என்றார். சில சந்தர்ப்பங்களில் அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று 351-ஆம் அடிக்குறிப்பில் வந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஊக்கவுரையின் பக்கங்களைவிட அதிகமாயிருக்கும். நாலு கர்தினால்கள் விளக்கம் கேட்டுக் கேள்விகளை வெளியிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையும், முதல் துணை உயிரோடிருக்கும்போதே மறுமணத்தை ஆலயத்தில் நடத்தலாம் என்று ஒப்புக்கொள்ள 2002 வரை ஆயிற்று. சட்டத்திலும் விதியிலும் அடிக்குறிப்பிலுமாக இவ்வளவு தூரம் வந்தபின்னும், லாத்தரன் ஆலயத்தில் ஆயர் அழுதாரே, அதற்கு ஈடாக ஒரு சபை ஒரு பெண்ணுக்கு என்ன செய்கிறது என்பது பெரும்பாலும் ஏடுகளில் ஏறுவதில்லை.

என் சிறுவயதில் எங்கள் சேகரத்துக்குப் புதிதாக வந்த போதகரை ஐயர் என்போம்; அவரோடு வந்த அவர் மனைவி ஐயரம்மா அதிகம் பேசாதவர். வந்த இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, திருவிருந்து ஞாயிறு ஒன்றில், காணிக்கைப் பாட்டின்போது முன்வரிசையிலிருந்து எழுந்து ஆலயத்தின் நீளம் முழுவதும் நடந்து தென்புற வாசல் வழியாக வெளியே போனார். உடம்புக்கு முடியவில்லை போலும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நாங்கள் சிறுவர்கள் ஜன்னல் வழியே பார்த்தோம். வேப்பமரத்தடியில், பெரியம்மாவின் இடுப்பிலிருந்த பிள்ளைகளில் ஒன்றை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று ஐயரம்மா திருவிருந்து எடுக்கவில்லை. அடுத்த மாதமும் எடுக்கவில்லை. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் பீடத்திலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் முறையோ நாலாம் முறையோ, பந்தி முழுவதும் முடிந்து, மீந்த அப்பத்தையும் பாத்திரத்தையும் ஐயர் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, கடைசி ஜெபத்துக்காகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த வேளையில், தென்புற வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வந்து கிராதியருகே முழங்காற்படியிட்டார்கள். ஐயர் புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பி, பெட்டி தேய்த்த மடிப்பு இன்னும் கலையாத அந்தத் துணியின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல விலக்கினார்.